சட்டைக்குத் தேர்வு உண்டு, செயலிக்கு?

திருப்பூர் லேப்களில் ஏற்றுமதித் துணிக்கு ஒரு தேய்ப்புச் சோதனை உண்டு. சின்னக் கருவிதான். அதன் முனையில் வெள்ளைப் பருத்தித் துண்டைக் கட்டி, சாயத்துணி மேல் பத்து முறை முன்னும் பின்னும் தேய்ப்பார்கள். பிறகு ஈரத்துண்டால் அதே தேய்ப்பு. வெள்ளையில் ஏறிய கறையைச் சாம்பல் நிற அட்டையோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மார்க் விழும். கறையே படியாவிட்டால் 5. ஐஎஸ்ஓ 105-எக்ஸ்12 தரநிலை சொல்லும் முறை இது. கருவி 9 நியூட்டன் விசையில் அழுத்த வேண்டும் என்பதுவரை அதில் இருக்கிறது. அடர்சிவப்பும் கறுப்பும் பெரும்பாலும் ஈரத்தேய்ப்பில்தான் மாட்டும். எத்தனை மார்க் வேண்டும் என்பதை பையர் முன்பே சொல்லிவிடுவார். குறைந்தால் சரக்கு நகராது.

தரம் என்றால் இப்படிக் கண்ணால் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

நாம் அதிகம் பார்ப்பதோ ஐஎஸ்ஓ 9001 போர்டைத்தான். 1987-ல் வந்த அந்தத் தரநிலை, நிறுவனம் வேலையை நடத்தும் முறையைப் பார்க்கிறது, பொருளைச் சோதிப்பதில்லை. சான்றிதழ் தருபவையும் தனித்தனித் தணிக்கை அமைப்புகள். ஜெனீவாவிலுள்ள ஐஎஸ்ஓ யாருக்கும் தருவதில்லை. ஊறுகாய் பாக்கெட்டில் அதை அச்சடித்து, ஊறுகாய்க்கே சான்று கிடைத்ததுபோல் காட்டுவது தப்பு. முறை சரியாக இருந்தால் பொருளும் சரியாக வரும் என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆடிட்டுக்கு முந்தின வாரம் ரெஜிஸ்டர் எழுத உட்காரும் இடங்களில் அது எடுபடாது.

மென்பொருள் விஷயத்தில்தான் எனக்குப் பெரிய கவலை. அதற்கும் ஐஎஸ்ஓ/ஐஇசி 25010 என்ற தரநிலை இருக்கிறது. 2011-ல் அதில் எட்டுத் தரப் பண்புகள். 2023 திருத்தத்தில், உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து வராமல் காப்பதும் சேர்ந்து ஒன்பது. எல்லாத் தரப்பு மக்களாலும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதும் அந்தப் பண்புகளுக்குள் வருகிறது. நல்ல பட்டியல்தான், ஆனால் தேர்ச்சி மார்க் கிடையாது. வாங்குபவர்தான் அதை வைக்க வேண்டும். செயலி வாங்கும் பல அலுவலகங்கள் கம்பெனிக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கின்றன.

அவதி நமக்கு. இப்படி வாங்கிய செயலி, படிவத்தில் 'கடைசிப் பெயர்' கட்டாயம் என்கிறது. நம் ஊரில் பலருக்கு இருப்பது இனிஷியல். ஒற்றை எழுத்தைப் போட்டால் சிவப்பில் பிழை காட்டும். அப்பா பெயரை விரித்துப் போட்டால், ஆதாரில் உள்ள பெயரோடு ஒத்துப்போகவில்லை என்று அடுத்த மேஜையில் திருப்பி அனுப்புவார்கள். நடுவில் சிக்னல் போனால் நிரப்பியதெல்லாம் காலி. கடைசியில் காசு கொடுத்து பிரவுசிங் சென்டரில் நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒற்றை எழுத்து இனிஷியலை ஏற்க வேண்டும், சிக்னல் போனாலும் நிரப்பியது நிற்க வேண்டும், பழைய போனில் இத்தனை விநாடிக்குள் பக்கம் திறக்க வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதலாம். பில் பாஸாகும் முன், அந்தப் படிவம் தேவைப்படும் நாலு பேரை அழைத்து அவர்கள் போனிலேயே நிரப்பச் சொல்லிப் பார்க்கலாம்.