உஷார்! சூப்பர்வைசரை எடுத்துவிட்டால் மட்டும் டீம் தானாக ஓடிவிடாது

"நாளையிலிருந்து உங்கள் டீமை நீங்களே நடத்திக்கொள்ளுங்கள்" என்று நிர்வாகம் அறிவிக்கிறதா? கைதட்டுவதற்கு முன், கூலியை எப்படிப் போடப் போகிறார்கள் என்று கேளுங்கள்.

1992-இல் லீவைஸ் நிறுவனம் தன் அமெரிக்கத் தையல் ஆலைகளில் இதைத்தான் செய்தது. அதுவரை தைத்த உருப்படிக்கு ஏற்பக் கூலி. பிறகு ஆட்களைக் குழுவாகச் சேர்த்து, குழு முடித்த மொத்த வேலைக்குக் கூலி என்றார்கள். கை வேகமுள்ளவர்களின் வருமானம் சரிந்தது. உடம்புக்கு முடியாமல் லீவு போட்டவர் மீதும், மெதுவாகத் தைத்தவர் மீதும் சக தொழிலாளிகளே பாய்ந்தார்கள். மிரட்டல் வரை போனது. ஒரு மேலதிகாரி போன இடத்தில் பத்து மேலதிகாரிகள்! இது எவ்வளவு கொடுமை என்பது, கூட உட்கார்ந்து சாப்பிட்டவரிடமே திட்டு வாங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

நன்றாகத் தொடங்கிய குழுவுக்கும் ஆபத்து உண்டு. அகமதாபாத் காலிகோ மில்லில் புதிய தானியங்கித் தறிகள் வந்தும் உற்பத்தி எதிர்பார்த்தபடி உயரவில்லை. 224 தறிகளுக்கு 29 பேர்; அவர்களுக்குள் 12 விதமான வேலை; யாருக்கு யார் துணை என்றே தெளிவில்லை. 1953-இல் ஏ.கே. ரைஸ் என்ற ஆய்வாளர் ஒரு யோசனை சொன்னார்: குறிப்பிட்ட தறிகளை ஒரு சிறு குழு முழுப் பொறுப்பாக ஏற்கட்டும். தொழிலாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, தாங்களே குழு பிரித்தார்கள். உற்பத்தி உயர்ந்தது, சேதத் துணி குறைந்தது.

1970-இல் எரிக் மில்லர் என்ற ஆய்வாளர் திரும்பப் போய்ப் பார்த்தபோது, அந்தத் தானியங்கித் தறிக்கூடத்தில் குழுமுறை பெரும்பாலும் கரைந்துவிட்டிருந்தது. யாரும் உத்தரவு போட்டு ஒழிக்கவில்லை. சந்தை மாறியது, நெருக்கடி கூடியது. நூல், ஆள், உதிரிப்பாகம் தடையின்றி வரப் பார்த்துக்கொள்ள வேண்டிய சூப்பர்வைசர்கள் குழுவின் உள்வேலைக்குள் இழுக்கப்பட்டார்கள். வெளியே காவல் இல்லை, உள்ளே சுதந்திரமும் இல்லை. அதே மில்லின் இன்னொரு தறிக்கூடத்திலோ குழுமுறை ஏறக்குறைய அப்படியே நின்றது. ஆகவே தொழிலாளியைக் குறை சொல்லி யாரும் தப்பிக்க வேண்டாம்.

உங்கள் டீமில் "இந்த ஒரு வாரம் மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மேலாளர் ஷிஃப்ட் பட்டியலைக் கையில் எடுக்கிறாரா? அன்றே தடுங்கள். புது ஆளைச் சேர்ப்பது யார், மெஷின் பழுதானால் யாரிடம் கேட்பது, நோய்க்கால லீவுக்குக் கூலி எதிலிருந்து வரும், பயிற்சி நாட்களின் உற்பத்திக் குறைவை யார் தாங்குவது: இவற்றை, அறிவிப்பில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள்.