சிகிச்சையிலிருக்கும் குழந்தைக்கு வேறு மருந்து கொடுக்கலாமா?

புற்றுநோய் முதியோரை மட்டுமே பற்றும் என்று எண்ணுவோர் இன்றும் பலர் உளர். அவ்வாறன்று. குழந்தைகளிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய், நிணவணுக்களில் தோன்றும் கடுமையான இரத்தப் புற்றாகும். 1960 ஆம் ஆண்டு வாக்கில் இந்நோயுற்ற குழந்தைகளுள் பிழைத்தோர் மிகச் சிலரே. இன்று முறையான சிகிச்சை முழுமையாகக் கிடைக்கும் நாடுகளில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது குழந்தைகள் குணமடைகின்றனர். நம் நாட்டில் அவ்வளவு உயர்ந்த பயன் கிட்டாமைக்குரிய காரணங்களுள் ஒன்று, சிகிச்சை இடையில் கைவிடப்படுதல்.

இச்சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீடிப்பது. முதற்சில மாதங்கள் கடுமையானவை. அதன்பின் வரும் நீண்ட பராமரிப்புக் காலத்தில், குழந்தை மாத்திரைகளை வீட்டிலேயே உட்கொண்டு பள்ளிக்கும் வந்துவிடும். தலைமுடி மீண்டும் முளைத்திருக்கும், ஓடியாடும், நோய் தீர்ந்தது போலவே தோன்றும். வீட்டாரும் உற்றாரும் தாம் அறிந்த கஷாயத்தையும் லேகியத்தையும் சத்து மாத்திரையையும் கொடுக்கத் தலைப்படுவது பெரும்பாலும் இப்பருவத்திலேதான். அப்போது அருகிலிருப்பவர் மருத்துவரல்லர். ஆசிரியரும் ஆஷா பணியாளரும் கிராம சுகாதாரச் செவிலியருமே.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. மருத்துவமனைச் சிகிச்சையோடு கூடவே உதவியாகக் கைக்கொள்ளப்படுவது துணைச் சிகிச்சை. அதனைக் கைவிட்டு அதனிடத்தில் வைக்கப்படுவது மாற்றுச் சிகிச்சை. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் மொழிபெயர்த்துவிடும் வழக்கம் உண்டு. யானும் அப்பிழையைச் செய்ததுண்டு. அதனைச் சொற்பிழை என்று தள்ளிவிட இயலாது. 2018 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்றில், நோய் பிற உறுப்புகளுக்குப் பரவாத நிலையிலேயே மாற்றுச் சிகிச்சையை மட்டும் நாடியவர்கள் இறக்கும் ஆபத்து, முறையான சிகிச்சை பெற்றோரினும் இரண்டரை மடங்காக இருந்தது. அவ்வாய்வு வயது வந்தோரைப் பற்றியது. இரத்தப் புற்றுற்ற குழந்தைக்கோ காத்திருக்கும் அவகாசம் அதனினும் குறைவு.

மாற்றுச் சிகிச்சையின் தீமை எளிதில் விளங்கும். துணைச் சிகிச்சையில் நேரக்கூடிய தீமை மறைவானது. பள்ளிகளில் யாவரும் அறிந்த ஒரு மாத்திரையைக் கொண்டே அதனை விளக்கலாம். 2018 இல் தொடங்கப்பெற்ற இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில், 5 முதல் 9 வயது வரை உள்ளோர்க்கு இளஞ்சிவப்பு மாத்திரையும், 10 முதல் 19 வயது வரை உள்ளோர்க்கு நீல மாத்திரையும் வாரம் ஒன்றாக வகுக்கப்பட்டன. நீல மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. நலமுள்ள பிள்ளைக்கு இது நன்மையே.

ஃபோலிக் அமிலம், உயிரணுக்கள் பெருகுவதற்கு இன்றியமையாத வைட்டமின். புற்றணுவும் உயிரணுவே, ஆகவே அதற்கும் இது வேண்டும். பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், இவ்வகைப் பொருளைக் கொடுத்தபோது இரத்தப் புற்று தணிவதற்கு மாறாக விரைவதாகக் கண்டார். எனவே அவ்வைட்டமினைத் தடுக்கும் பொருளைக் கொடுத்துப் பார்க்கத் துணிந்தார். அப்பொருளை ஆக்கித் தந்தது எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய லெடர்லி ஆய்வுக்கூடம். சுப்பாராவ் பீமவரத்தில் 1895 இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்றவர். சில குழந்தைகளிடம் நோய் தற்காலிகமாக அடங்கியதை ஃபார்பர் 1948 இல் வெளியிட்டார். அவ்வினத்தைச் சேர்ந்த மெதோட்ரெக்சேட் இன்றும் பராமரிப்புக் காலத்தில் வாரம் ஒரு முறை கொடுக்கப்படுகிறது. மருந்து எவ்வழியை அடைக்கிறதோ, பள்ளியில் கொடுக்கும் மாத்திரை அவ்வழியையே திறக்க முற்படலாம். பலமுறை இரத்தம் ஏற்றப்பட்ட குழந்தையின் உடலில் இரும்பும் முன்னரே மிகுந்திருக்கக்கூடும். ஆகையால் இத்தகைய மாணவர்க்கு, சிகிச்சை செய்யும் மருத்துவரைக் கேட்டறியாமல் இம்மாத்திரையைக் கொடுத்தல் கூடாது. மெதோட்ரெக்சேட்டை மிகுந்த அளவில் செலுத்தியபின், நல்ல அணுக்களைக் காக்கும்பொருட்டு, மருத்துவரே ஃபோலினிக் அமிலத்தை மணிக்கணக்குப் பார்த்துக் கொடுப்பதும் உண்டு. அது வீட்டில் செய்யும் காரியமன்று.

'பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?' என்று கேட்போர்க்கு நித்திய கல்யாணியைக் காட்டலாம். வேலியோரம் பூக்கும் அச்செடியிலிருந்தே வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்து கிடைக்கிறது. ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமுக்கு மேற்படாதவாறு அளந்து செலுத்தப்படும் அம்மருந்து, அளந்து கொடுக்கும்போதே நரம்புகளைத் தாக்கக்கூடியது. இலையை அரைத்துக் கொடுப்பவர் எத்தனை மில்லிகிராம் கொடுத்தார் என்று எவராலும் சொல்ல இயலாது.

கொடுத்த பொருள் நேரே நஞ்சாகாவிடினும் சிகிச்சையைக் குலைக்கலாம். சீந்திற்கொடி உட்கொண்ட ஆறு பேரிடம் கல்லீரல் பாதிப்புக் கண்டதாக மும்பை மருத்துவர்கள் 2021 இல் எழுதினர். ஆயுஷ் அமைச்சகம் அதனை மறுத்துரைத்தது. அவ்விவாதம் ஒருபுறமிருக்க, பராமரிப்புக் காலத்தில் நாள்தோறும் கொடுக்கப்படும் மெர்காப்டோபியூரினும் கல்லீரலைத் தாக்கக்கூடியதே. இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் கெட்டிருப்பதாகக் கண்டால், கஷாயச் செய்தியை அறியாத மருத்துவர் தம் மருந்தின் மீதே ஐயுற்று அதனைக் குறைப்பார், அல்லது நிறுத்துவார். புற்றணுவுக்கு அது விடுமுறை. உலோகம் கலந்த மருந்துகளுக்கும் எச்சரிக்கை வேண்டும்: 2004 இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி, பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதப் பொருள்களுள் 14 இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது.

வயிற்றில் கட்டியுள்ள குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து வயிற்றை அழுத்தலாகாது. சிறுநீரகத்தில் தோன்றும் வில்ம்ஸ் கட்டி அழுத்தத்தால் உடைந்து பரவ இடமுண்டு. சூடு வைத்தல் எந்நிலையிலும் தீங்கே. இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கையில் ஊசி குத்தும் அக்குபங்சர் முதலியவற்றையும் தவிர்த்தல் வேண்டும்.

இத்தனையும் அறிந்த பணியாளர் பெற்றோரைக் கடிந்துகொள்வாராயின் பயன் கெடும். கடிந்தால் மறைப்பர், மறைத்தால் மருத்துவருக்குத் தெரியாது. அந்தத் தாய் கஷாயம் கொடுப்பது அன்பினால். மருத்துவமனையில் தமக்குச் செய்ய ஒன்றுமில்லையே என்னும் தவிப்பினால். 'வீட்டு மருந்து கொடுப்பது உண்டா?' என்று கேட்டால் 'இல்லை' என்பதே விடையாக வரும். 'அம்மா, குழந்தைக்குப் பசியெடுக்க என்னவெல்லாம் கொடுத்துப் பார்க்கிறீர்கள்?' என்று கேட்டால் பொடியும் புட்டியும் வெளிவரும். அவற்றை உறையோடு, பெயர்ச்சீட்டோடு, அடுத்த முறை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லச் சொல்லுக.

அந்தத் தாய்க்குச் செய்ய வேலையும் உண்டு. ஊசி போடும்போது கதை சொல்லுதல், பாடுதல், சோப்புக் குமிழி ஊதச் செய்தல் ஆகியவை குழந்தையின் வலியையும் அச்சத்தையும் குறைக்கின்றன என்பது ஆய்வுகளில் கண்ட உண்மை. மூச்சுப் பயிற்சியும், மருத்துவர் இசைவுடன் எளிய ஆசனங்களும், மென்மையாகக் கைகால் வருடுதலும் பெரும்பாலும் தீங்கற்றவை.

காய்ச்சலுக்கு மட்டும் இவற்றுள் எதுவும் உதவாது. சிகிச்சையின்போது வெள்ளணுக்கள் குறைந்திருக்குமாதலால், உடல் வெப்பம் 38 பாகை சென்டிகிரேடை, அதாவது 100.4 பாரன்ஹீட்டை, எட்டினால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து நேரக்கூடும். அவ்வேளையில் குடிநீர் காய்ச்ச அடுப்பு மூட்டாமல், இரவாயினும் வண்டி தேடி மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். சிகிச்சை அட்டையையும் உடன் கொண்டு செல்க.