கெளுத்திக்குக் கரண்ட் தெரியும்

மேட்டூர் திறந்து புதுத்தண்ணி வரும்போது தஞ்சாவூர்ப் பக்கத்து வாய்க்காலைப் பார்த்திருப்பீர்கள். கலங்கலில் கையை விட்டால் விரல் தெரியாது. அதில், அதுவும் ராத்திரியில், கெளுத்தி எப்படி சேற்றுக்குள் கிடக்கிற புழுவைப் பிடிக்கிறது? மீசை இருக்கே என்பீர்கள். சரிதான், மீசை தடவும், ருசியும் பார்க்கும். ஆனால் அது மட்டும் இல்லை.

தண்ணீருக்குள் இருக்கிற எந்த உயிரிலிருந்தும் கொஞ்சம் மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். உடம்புக்குள் உப்பு அதிகம், ஆற்றில் குறைவு என்பது ஒரு காரணம். தசை அசைவு இன்னொன்று. கெளுத்தி, தேளி, வாளை எல்லாவற்றுக்கும் தோலில் பொடிப்பொடிக் குழிகள் உண்டு. அவற்றின் அடியில் உள்ள செல்கள் இந்தக் கசிவை உணரும். 1917-ல் பார்க்கர், வான் ஹியூசன் என்ற இருவர் அமெரிக்கக் கெளுத்தி ஒன்றின் கண்ணை மறைத்துவிட்டுச் சோதித்தார்கள். கண்ணாடிக் குச்சி மேலே படும்வரை மீன் சும்மா இருந்தது. உலோகக் கம்பி என்றால் சில சென்டிமீட்டர் தள்ளி வரும்போதே தெரிந்துகொண்டது. தண்ணீரில் நனைந்த உலோகத்தைச் சுற்றி மெலிதாக மின்னோட்டம் உண்டாகும், அதுதான் விஷயம்.

ஆனால் கெளுத்தி கேட்கிற ஆள். பேசுகிற ஆள் இல்லை. பேசுகிற மீன்கள் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இருக்கின்றன. நைல் நதியின் ஜிம்னார்க்கஸ் வால் பக்கத்திலிருந்து விடாமல் மின்னலை அனுப்புகிறது என்று கேம்பிரிட்ஜின் லிஸ்மன் 1951-ல் காட்டினார். நமக்கு ஷாக் அடிக்காது, அவ்வளவு பலவீனம். மீனைச் சுற்றி ஒரு மின்புலம் உருவாகும். பக்கத்தில் கல் வந்தால் மின்கோடுகள் விலகும், இன்னொரு மீன் வந்தால் அதை நோக்கிக் குவியும். அந்த மாற்றம் தோலில் பதியும். பார்க்க ஒரே மாதிரியான இரண்டு மண்குடுவைகளில் எதற்குள் கண்ணாடி இருக்கிறது என்றுகூட அது கண்டுபிடித்துவிட்டது!

இதற்குக் காவிரியில் ஒரு சொந்தக்காரர் உண்டு: கத்தி மாதிரி தட்டையான சொட்டை வாளை. பெயரில்தான் வாளை, ஜிம்னார்க்கஸ் அதற்குத் தூரத்துப் பங்காளி. சொட்டை வாளையின் ஆப்பிரிக்க உறவுகளுக்கு மின்னுணர்வு உண்டு, ஆசிய உறவுகளுக்கு இல்லை என்று 1982-ல் பிராஃபோர்டு எழுதினார். ஒன்று, ஆசியக் கிளை அதைத் தொலைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆப்பிரிக்காவில் அது இரண்டு தடவை தனித்தனியாகத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கு முதலாவதுதான் நம்பும்படி இருக்கிறது. சொட்டை வாளையும் ராத்திரியில்தான் இரை தேடும், கெளுத்தி மேய்கிற அதே கலங்கலில்.