ஸ்கேன் நார்மல்... பிள்ளை நார்மலா?

"எம்.ஆர்.ஐ. ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லைனு சொல்லிட்டாங்களே டாக்டர்... அப்புறம் எதுக்கு மாத்திரை?"

மனநல மருத்துவரின் முன்னால் அமர்ந்திருக்கும் பல பெற்றோரின் கேள்வி இது.

பத்தாம் வகுப்பில் நன்றாகப் படித்த பையன், பிளஸ் ஒன் வந்ததும் சறுக்குகிறான். நண்பர்களோடு விளையாடப் போவதில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறான். 'பக்கத்து வீட்ல என்னைப் பத்தியே பேசுறாங்கம்மா' என்கிறான். 'வயசுக் கோளாறு' என்கிறார் அப்பா. 'எல்லாம் செல்போனால வந்தது' என்கிறார் மாமா. பாட்டி தாயத்து கட்டுகிறார். கடைசியில் தலைக்கு ஸ்கேன். ரிப்போர்ட் 'நார்மல்' என்று வந்ததும் வீடே பெருமூச்சு விடுகிறது. அந்த நிம்மதியிலேயே ஆறு மாதம் ஓடிவிடுகிறது.

பல வீடுகளில் நடப்பது இதுதான். எது நிஜம், எது கற்பனை என்று பிரித்துப் பார்க்கும் திறன் குலைந்துபோகும் நிலையை 'சைக்கோசிஸ்' என்கிறார்கள். மனச்சிதைவு நோயின் முக்கியமான முகம் இது. பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும்தான் தலைகாட்டும். ஏன் அந்த வயதில்?

மூளை கவாத்து செய்யும் வயது

குழந்தைப் பருவத்தில் மூளையின் நரம்பு செல்களுக்கு இடையே தேவைக்கும் அதிகமாக இணைப்புகள் உருவாகின்றன. வளரிளம் பருவத்தில், ரோஜாச் செடிக்குத் தோட்டக்காரர் கவாத்து செய்வதுபோல, பயன்படாத இணைப்புகளை மூளை கழிக்கிறது, பயன்படுபவற்றை வலுவாக்குகிறது. யோசித்து முடிவெடுக்க உதவும் முன்பகுதியில் இந்த வேலை முடிய இருபது வயதைத் தாண்டிவிடும்.

இந்தக் கவாத்து அளவுக்கு மீறிப் போனால்? 1982-ல் அமெரிக்க மனநல ஆய்வாளர் இர்வின் ஃபைன்பெர்க் இந்தக் கோணத்தை முன்வைத்தார். 2016-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு அதற்கு வலு சேர்த்தது. 'சி4' என்ற மரபணுவின் சில வடிவங்கள் மனச்சிதைவு வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்றும், எலிகளின் மூளையில் இணைப்புகளைக் கழிக்கும் வேலையில் அதே மரபணுவுக்குப் பங்கு உண்டு என்றும் அது காட்டியது. ஆனாலும் ஒரு மரபணு மட்டுமே காரணமில்லை. பரம்பரை, பிறப்புக் கால சிக்கல்கள், சிறு வயதுத் துயரங்கள், கஞ்சா எனப் பலவும் கூடித்தான் ஆபத்தை ஏற்றுகின்றன. 'என் வளர்ப்பு சரியில்லையோ' என்று அம்மாக்கள் தங்களையே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

இணைப்பு பிசகினால் என்ன ஆகும்? மூளையின் நடுவில் உள்ள தலாமஸ் ஒரு ரயில்வே ஜங்ஷன் மாதிரி. காதும் கண்ணும் அனுப்பும் செய்திகள் இதன் வழியாகத்தான் போகின்றன. சைக்கோசிஸ் உள்ளவர்களிடம், தலாமஸுக்கும் முன்மூளைக்கும் இடையிலான தொடர்பு தளர்ந்தும், புலன் பகுதிகளோடு உள்ள தொடர்பு கூடியும் இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. எது முக்கியம், எது வெறும் சத்தம் என்று தரம் பிரிக்கும் வேலை இதனால் தடுமாறலாம். மனதுக்குள் நாம் பேசிக்கொள்வதை 'இது என் குரல்தான்' என்று மூளை அடையாளம் காண வேண்டும். அது தவறும்போது, சொந்த எண்ணமே வேறு யாரோ பேசுவதுபோலக் கேட்கக்கூடும் என்பது விஞ்ஞானிகளின் ஒரு விளக்கம்.

அப்படியானால் ஸ்கேனில் ஏன் தெரியவில்லை?

இந்த ஆய்வுகள் பல நோயாளிகளின் ஸ்கேன்களை, நோயில்லாத பலரின் ஸ்கேன்களோடு ஒப்பிட்டுச் சராசரியைப் பார்க்கின்றன. ஆண்களின் சராசரி உயரம் பெண்களைவிட அதிகம். அதற்காக, ஐந்தடி ஐந்து அங்குலம் என்று மட்டும் சொன்னால் அவர் ஆணா, பெண்ணா என்று சொல்ல முடியுமா? அப்படித்தான் இதுவும். ஒரு தனிப் பையனின் ஸ்கேனை வைத்து 'இவனுக்கு சைக்கோசிஸ்' என்றோ, 'இல்லை' என்றோ சொல்லும் வசதி இன்று இல்லை.

பிறகு மருத்துவர் ஏன் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்? கட்டி, மூளை அழற்சி போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்யத்தான். 'நார்மல்' என்றால் அவை தென்படவில்லை என்று பொருள். நோயே இல்லை என்று பொருள் அல்ல.

ஆக, இந்த நோயை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்களின் கண்தான். சிகிச்சை தொடங்கத் தாமதமாக ஆக, குணமடைவது கடினமாகிறது. படிப்பும் நட்பும் கைநழுவுகின்றன.

சென்னை சொன்ன சேதி

இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' அமைப்பும், கனடாவின் மான்ட்ரியல் நகர ஆய்வாளர்களும் சேர்ந்து, முதன்முறை சைக்கோசிஸ் வந்த 300-க்கும் மேற்பட்டவர்களை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். சிகிச்சை முறை இரு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால், ஆர்வமின்மை, ஒதுங்கிப்போதல் போன்ற அறிகுறிகளில் சென்னை நோயாளிகள் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். சிகிச்சையில் குடும்பத்தின் பங்கும் சென்னையில்தான் அதிகம். கூடவே வந்து உட்கார்ந்த அம்மாவும் அண்ணனும்கூட மருந்தின் ஒரு பகுதிதான் போலும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

* படிப்பு, தூக்கம், சுத்தம், நட்பு ஆகியவற்றில் சில வாரங்களாகவே தொடரும் மாற்றம், காரணமில்லாத சந்தேகம், தனியாகப் பேசுவது, சிரிப்பது. இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. பல சேர்ந்து வந்தால் தள்ளிப்போடவும் கூடாது.
* குரல் கேட்கிறது என்றால், 'பொய் சொல்லாதே' என்று அதட்ட வேண்டாம். 'எனக்குக் கேட்கலைடா... ஆனா உனக்கு பயமா இருக்குனு புரியுது' என்று சொன்னாலே பிள்ளை மனம் திறக்கும்.
* கோயிலுக்குப் போவதைத் தடுக்க வேண்டாம். அதே வாரத்தில் மருத்துவரிடமும் போக வேண்டும்.
* மாத்திரையால் எடை கூடினாலோ, தூக்கம் அழுத்தினாலோ மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். நன்றாகிவிட்டதே என்று நாமாக நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம்.
* சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416-ஐ 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.