உங்களுக்குத் தெரியுமா? 'இல்' செய்யும் வேலை

● பின்கோடு பார்வைக்குத்தான் எண். சென்னையின் 600001-ஐயும் மதுரையின் 625001-ஐயும் கூட்டிச் சராசரி எடுத்துப் பாருங்கள், அதற்கு ஒரு பொருளும் இருக்காது. 1972 ஆகஸ்ட் 15-ல் வந்த இந்த ஆறு இலக்கமும் ஊருக்கு வைத்த பெயர் மாதிரிதான். ரத்த வகை, தாய்மொழி எல்லாம் இந்த இனமே. எண்ணலாம், சதவீதம் போடலாம், எது அதிகம் என்று பார்த்து முகடு சொல்லலாம். சராசரி மட்டும் கேட்கக் கூடாது.

● பட்டை வரைபடம் பிறந்ததே விவரப் பற்றாக்குறையால்தான். 1786-ல் வில்லியம் பிளேஃபேருக்கு ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி, இறக்குமதி பற்றி ஒரே ஓர் ஆண்டுக் கணக்குதான் கிடைத்தது. ஆண்டுவாரியாகக் கோடு இழுக்க வழியில்லை. நாடுவாரியாகப் பட்டை போட்டார். வட்ட வரைபடமும் அவர் தந்ததே, 1801-ல்.

● பட்டைக்குப் பதில் குடம் வரைந்தால் ஆபத்து. இரண்டு மடங்கைக் காட்டக் குடத்தை இரண்டு மடங்கு உயரமாக வரைவார்கள். அகலமும் கூடவே இரட்டிக்கும். கண்ணுக்குத் தெரிவது நான்கு மடங்கு.

● 1912-ல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் கணக்கைப் புள்ளியியல் பாடநூல்கள் விடாமல் எடுத்தாள்கின்றன. அந்தப் பட்டியலில் 2,201 பேர், பிழைத்தவர்கள் 711. அதில் ஊழியர்கள் 212, முதல் வகுப்பினர் 203, மூன்றாம் வகுப்பினர் 178, இரண்டாம் வகுப்பினர் 118. பட்டை போட்டால் ஊழியர் பட்டைதான் உயரம். அடடா, ஊழியர்கள்தான் அதிகம் தப்பினார்கள் போல என்று தோன்றும்.

ஆனால் கப்பலில் இருந்த ஊழியர்கள் 885 பேர். முதல் வகுப்பினர் 325 பேர்தான். தப்பியவர்களில் ஊழியர் 30 சதவீதம். ஊழியர்களில் தப்பியவர் 24 சதவீதம். இரண்டும் உண்மை. 'இல்' எந்தச் சொல்லோடு ஒட்டுகிறதோ, அந்தக் கூட்டத்தின் எண்ணிக்கையால்தான் வகுக்க வேண்டும். அது தெரியாத சதவீதத்தை நான் நம்புவதே இல்லை.

சரியாக வகுத்தால் முதல் வகுப்பில் 62 சதவீதம் பிழைத்தார்கள், மூன்றாம் வகுப்பில் 25. குழந்தைகளை மட்டும் பிரித்தால் இன்னும் கொடுமை. இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் 24 பேரும் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்த குழந்தைகள் 79, பிழைத்தவர்கள் 27.