பட்டியற் பணம் செல்லும் பாதை

இல்லறம் நடத்துவோர் மாதந்தோறும் தீர்க்கும் சிறு கடன்கள் சில உள. மின்சாரத்தை முன்னர் நுகர்ந்து பின்னர் விலை கொடுக்கின்றனர். குழாய்நீரும் தொலைபேசியும் அத்தகையனவே. வழங்கப்பட்ட பொருளுக்கு உரிய தொகையைக் குறித்து வரும் தாளைப் பட்டியல் என்பர். பேச்சு வழக்கில் அது பில் எனப்படும்.

முற்காலத்தில் இப்பட்டியலுடன் அலுவலகத்துக்கோ தபாற் கந்தோருக்கோ சென்று, வரிசையில் நின்று, காசை எண்ணிக் கொடுத்து, முத்திரை குத்திய பற்றுச்சீட்டைப் பெற்று வீடு திரும்புவதே வழக்கம். அவ்வழக்கம் இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை. ஆயினும், கைத்தொலைபேசியில் ஒரு சில எண்களை அழுத்தி வீட்டிலிருந்தவாறே பட்டியலைத் தீர்ப்போர் தொகை பெருகி வருகின்றது. இவ்விரு முறைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு விரைவும் வசதியும் மாத்திரமா? அன்று. அதனினும் ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு. அதனை அறிந்தவருக்கு இம்முறை நல்ல துணை. அறியாதவர் பணத்தையும் கொடுத்துவிட்டு மின்னிணைப்பையும் இழக்க நேரலாம்.

அலுவலக மேசையின் முன் காசு கொடுக்கும்போது மூன்று செயல்கள் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. கொடுப்பவரின் கையை விட்டுப் பணம் நீங்குகின்றது. பெறுபவரின் கையை அது அடைகின்றது. அடைந்தமைக்குச் சான்று பிறக்கின்றது. இலத்திரனியல் முறையில் இம்மூன்றும் தனித்தனியே நிகழ்கின்றன. அவற்றிடையே கழியும் காலம் சில விநாடியாகவும் இருக்கலாம். ஒரு நாளாகவும் இருக்கலாம். பணம் நீங்கியமை வேறு, போய்ச் சேர்ந்தமை வேறு என்னும் இவ்வொரு செய்தியை நன்கு மனத்திற் பதித்துக்கொண்டால் எஞ்சியன யாவும் எளிதில் விளங்கும்.

முதலில், வங்கியிலுள்ள பணம் என்பது யாது என்று நோக்குவோம். ஒருவருடைய கணக்கில் பதினாயிரம் ரூபாய் இருக்கிறது என்றால், அவர் பெயரிட்ட உறையில் நோட்டுக்கள் கட்டி வைக்கப்பட்டுள்ளன என்பது கருத்தன்று. வங்கி அவருக்கு அத்தொகையைக் கொடுக்கக் கடமைப்பட்டுள்ளது என்னும் பதிவே அது. ஆகவே தொலைபேசி வழியே பணம் பறந்து செல்வதில்லை. செல்வது ஒரு கட்டளை. ‘என் கணக்கிலிருந்து இத்தொகையைக் கழித்து, இன்னாருக்குச் சேர்ப்பிக்க’ என வாடிக்கையாளர் தம் வங்கிக்கு இடும் கட்டளை அது. காசோலையும் இதே கட்டளைதான். அங்கே கைச்சாத்து கட்டளையின் உண்மையைக் காட்டுகின்றது. இங்கே கடவுச்சொல்லும் இரகசிய இலக்கமும் அவ்வேலையைச் செய்கின்றன.

மட்டக்களப்பிலுள்ள ஒருவர் தமது நீர்ப் பட்டியலுக்கு இரண்டாயிரத்து நானூறு ரூபாய் செலுத்துவதாகக் கொள்வோம். வங்கியின் செயலியுள் நுழையும்போது அவர் தம்மை இன்னார் என நிறுவுகின்றார். அடுத்து, பட்டியலிற் குறிக்கப்பட்ட நீர்க் கணக்கிலக்கத்தைப் பதிகின்றார். வங்கி அவருடைய நிலுவையைப் பார்த்துப் போதிய பணம் இருப்பின் அதனைக் கழிக்கின்றது. பின்னர் நீர் வழங்கும் நிறுவனத்துக்குச் செய்தி அனுப்புகின்றது. நிறுவனம் அச்செய்தியைப் பெற்று, உரிய நீர்க் கணக்கில் வரவு வைக்கின்றது. இறுதியில் ஒரு தொடர்பிலக்கம் செலுத்தியவரின் திரையில் தோன்றுகின்றது. பழைய முத்திரை குத்திய பற்றுச்சீட்டின் இடத்தில் இன்று நிற்பது அவ்விலக்கமே.

வங்கியிலிருந்து நிறுவனத்துக்குச் செய்தி செல்லும் வழி இருவகைப்படும். முதலாவது வகையில் வங்கியின் கணினியும் நிறுவனத்தின் கணினியும் நேரே பேசிக்கொள்கின்றன. கணக்கிலக்கத்தைப் பதிந்தவுடன் கணக்காளர் பெயரோ நிலுவையோ திரையில் தோன்றுமாயின் அது இவ்வகையைச் சார்ந்தது. இரண்டாவது வகையில், நாள் முழுவதும் சேர்ந்த கொடுப்பனவுகளை வங்கி ஒரு பட்டியலாக்கிப் பின்னர் ஒருங்கே அனுப்புகின்றது. இவ்வகையில் பணம் இன்று கழிந்தாலும், நிறுவனத்தின் ஏட்டில் அது நாளையோ விடுமுறை கழிந்த பின்னரோதான் ஏறும். இணைப்புத் துண்டிக்கப்படும் நாளன்று காலையில் பணம் செலுத்திவிட்டு, ‘செலுத்திவிட்டேனே’ என்று வாதிடுவோர் பலர் இவ்விடத்தில்தான் இடர்ப்படுகின்றனர். அவர் சொல்வதும் மெய். அலுவலகத்தார் ‘இன்னும் வரவில்லை’ என்பதும் மெய். இறுதி நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்னரே செலுத்துவது இவ்விரு மெய்களும் மோதாமற் காக்கும்.

இனி, கொடுப்பவரின் வங்கியும் பெறுபவரின் வங்கியும் வெவ்வேறாயின் என்ன நிகழும்? இரு வங்கிகளுக்கும் நடுவே நின்று செய்திகளைப் பகிர்ந்தளிக்கும் பொது அமைப்பு ஒன்று வேண்டும். இலங்கையில் காசோலைகளைப் பொறிமூலம் தீர்வை செய்யும் பணி 1988 இல் தொடங்கியது. 2002 இல் அப்பொறுப்பை லங்காகிளியர் என்னும் நிறுவனம் மத்திய வங்கியிடமிருந்து ஏற்றது. மத்திய வங்கியும் வர்த்தக வங்கிகளும் பங்குதாரராயுள்ள அந்நிறுவனம் பின்னர் லங்காபே எனப் பெயர் மாறியது. 2006 இல் காசோலைத் தாளை ஊரூராய் எடுத்துச் செல்லாது அதன் உருவப்படத்தை மாத்திரம் அனுப்பும் முறை வந்தது. 2015 இல் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து மற்றொரு வங்கிக் கணக்குக்கு உடனுக்குடன் பணம் மாற்றும் பொது ஆளி செயற்படத் தொடங்கியது. தனித்தனிப் பாதைகளில் வரும் வண்டிகளை ஒரு சந்தியில் நின்று உரிய திசைக்குத் திருப்பிவிடும் காவலரின் வேலையை அவ்வாளி செய்கின்றது.

இவ்வாறு செய்தி உடனே சென்று சேரினும் வங்கிகள் தமக்குள் பணத்தை ஒவ்வொரு தடவையும் கைமாற்றிக் கொள்வதில்லை. ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். மூன்று வங்கிகள் உள்ளன எனக் கொள்வோம். ஒரு பொழுதில் முதலாம் வங்கி மற்றையவற்றுக்குக் கொடுக்க வேண்டியது 13 இலட்சம். பெற வேண்டியது 12 இலட்சம். இரண்டாம் வங்கி கொடுக்க வேண்டியது 11 இலட்சம். பெற வேண்டியது 12 இலட்சம். மூன்றாம் வங்கி கொடுப்பதும் 7 இலட்சம். பெறுவதும் 7 இலட்சம். மொத்தம் 31 இலட்சம் ரூபாய்க்குக் கட்டளைகள் பிறந்துள்ளன. ஆயினும் வரவையும் செலவையும் கழித்துப் பார்த்தால், முதலாம் வங்கி இரண்டாம் வங்கிக்கு ஓர் இலட்சம் கொடுத்துவிட, கணக்கு முழுவதும் நேராகிவிடுகின்றது. இவ்வாறு கழித்துப் பார்ப்பது தீர்வை. எஞ்சிய தொகையைக் கொடுத்து முடிப்பது தீர்ப்பனவு. வங்கிகள் மத்திய வங்கியில் வைத்துள்ள கணக்குகளினூடாக இத்தீர்ப்பனவு நடைபெறுகின்றது. இதற்கான அதேநேர மொத்தத் தீர்ப்பனவு முறைமை 2003 இல் நிறுவப்பட்டது.

இத்தனை கைகள் மாறிச் செல்லும் பாதையில் தவறு நேர்வதும் இயல்பே. நேரும் தவறுகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, இடைவழியில் தொடர்பு அறுதல். பணம் கழிந்துவிடுகின்றது, மறுமுனையிலிருந்து விடை வரவில்லை. திரையோ ‘செயல் நிறைவேறவில்லை’ என்கின்றது. இந்நிலையில் பதற்றமடைந்து உடனே மறுமுறையும் செலுத்துவது தவறு. இரண்டும் நிறைவேறிவிடக்கூடும். வங்கியும் நிறுவனமும் தத்தம் ஏடுகளை ஒப்புநோக்கும் கணக்கிணக்கத்தின்போது இவ்வாறு நடுவழியில் நின்ற தொகை வெளிப்படும். ஒன்றில் உரிய இடத்தைச் சேரும், அன்றேல் திரும்பும். முதலிற் கணக்கு நிலுவையைப் பார்த்து, தொடர்பிலக்கத்தோடு வங்கியை வினவுவதே முறை.

இரண்டாவது, இலக்கப் பிழை. ஓர் எண் மாறினால் அயலவரின் பட்டியல் தீர்ந்துவிடும். கணினி கட்டளையை நிறைவேற்றுமேயன்றிக் கருத்தை ஊகித்து அறியாது. இதனை மீட்பதற்கு நிறுவனத்தின் உதவி வேண்டும், காலமும் செல்லும். ஆதலால் பெயர் தோன்றும் இடத்திற் பெயரையும், தோன்றாத இடத்தில் இலக்கத்தை இருமுறையும் பார்த்த பின்னரே உறுதி செய்தல் வேண்டும்.

மூன்றாவது, வஞ்சகம். இது பிழையன்று, குற்றம். ‘உங்கள் மின்னிணைப்பு இன்றிரவு துண்டிக்கப்படும், இவ்விணைப்பை அழுத்திப் பணம் செலுத்துக’ என்பது போன்ற செய்தி வரும். அழுத்தியவுடன் நிறுவனத்தின் பக்கத்தை ஒத்த பொய்ப்பக்கம் திறக்கும். அட்டையின் இலக்கமும், ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அங்கே கேட்கப்படும். இக்கடவுச்சொல் கைச்சாத்துக்கு ஒப்பானது. வெற்றுக் காசோலையிற் கைச்சாத்திட்டு வழிப்போக்கரிடம் கொடுப்பார் உளரோ? இதுவும் அதுவே. எந்த வங்கி அலுவலரும் அதனைக் கேட்பதில்லை; கேட்பவர் வங்கி அலுவலர் அல்லர்.

இப்பாதை முழுவதற்கும் காவலாகச் சட்டங்கள் சில இயற்றப்பட்டுள்ளன. 2005 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கக் கொடுப்பனவு, தீர்ப்பனவு முறைமைகள் சட்டம் இவற்றுள் தலையாயது. கொடுப்பனவு முறைமைகளை ஒழுங்குபடுத்தவும் மேற்பார்வை செய்யவும் மத்திய வங்கிக்கு அது அதிகாரம் அளித்தது. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம், ஒரு பதிவு இலத்திரனியல் வடிவில் உள்ளது என்னும் ஒரே காரணத்தால் அதன் செல்லுபடியை மறுக்க இயலாது என்றது. தொடர்பிலக்கத்துக்கும் திரையிற் கண்ட பற்றுச்சீட்டுக்கும் மதிப்பு உண்டென்பதற்கு அதுவே அடிப்படை. அதே ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டம் கொடுப்பனவுச் சாதனங்கள் வாயிலான மோசடியைக் குற்றமாக்கியது. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் பிறர் கணினியுள் அனுமதியின்றி நுழைவோரைத் தண்டிக்க வழி செய்தது.

கொடுப்பனவு அட்டை வழங்குவதற்கும், கைத்தொலைபேசி வழியாகப் பணச்சேவை நடத்துவதற்கும் 2013 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் வேண்டும். வங்கிக் கணக்கு இல்லாதவர் தொலைபேசி நிறுவனத்திடம் முற்பணமாக இட்டு வைக்கும் தொகையை அந்நிறுவனம் தன் வியாபாரத்துக்குச் செலவிட முடியாது. உரிமம் பெற்ற வங்கியிற் காப்புக் கணக்கில் அது தனியே வைக்கப்படுதல் வேண்டும். பொதுமக்களின் சிறு சேமிப்புக்கு இது ஒரு வேலி.

2023 இல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் பிறந்தன. குறையுடையவர் முதலில் தம் வங்கியிடம் எழுத்திற் முறையிடல் வேண்டும். அங்கே தீராவிடின் மத்திய வங்கியை நாடலாம். நிதி ஒம்புட்ஸ்மனிடமும் செல்லலாம். எங்குச் சென்றாலும் முதலிற் கேட்கப்படுவன நாள், நேரம், தொகை, தொடர்பிலக்கம் என்பனவே. அவற்றைக் குறித்து வைக்காதவரின் வழக்கு, சான்றில்லா வழக்காகும்.

இம்முறையின் பயனைக் காட்டப் போக்குவரத்துத் தண்டப்பணம் ஏற்றதோர் எடுத்துக்காட்டு. சாரதி ஒருவர் வீதியிற் தவறிழைத்தால் அவருடைய அனுமதிப்பத்திரத்தைப் பொலிசார் பெற்றுக்கொள்வர். அவர் தபாற் கந்தோரிற் தண்டப்பணம் செலுத்தி, பற்றுச்சீட்டுடன் அவ்விடத்துப் பொலிஸ் நிலையத்துக்கு மீண்டும் சென்று அனுமதிப்பத்திரத்தைப் பெறுதல் வேண்டும். யாழ்ப்பாணத்துச் சாரதி குருநாகலிற் பிடிபட்டால் ஒரு நாட் கூலியும் வழிச்செலவும் தண்டத்தையும் விஞ்சிவிடும். 2025 பெப்ரவரியில் அரசாங்கக் கொடுப்பனவுகளுக்கென கவ்பே என்னும் முறை தொடங்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்பிரலில் குருநாகலுக்கும் அனுராதபுரத்துக்கும் இடைப்பட்ட வீதியில், தண்டப்பணத்தை அவ்விடத்திலேயே அதன் வழியாகச் செலுத்தி அனுமதிப்பத்திரத்தை மீளப் பெறும் ஏற்பாடு முன்னோடியாக நடைமுறைக்கு வந்தது. ஏழைத் தொழிலாளி ஒருவருக்கு இது ஒரு நாளை மிச்சப்படுத்திக் கொடுக்கின்றது.

ஆயினும் எல்லோரிடமும் இத்தகைய தொலைபேசி இல்லை. முதியோர் பலருக்குத் திரையின் எழுத்துப் புலப்படுவதில்லை. சிலர் பேரப்பிள்ளையிடமோ கடைக்காரரிடமோ இரகசிய இலக்கத்தையும் சேர்த்துச் சொல்லி உதவி பெறுகின்றனர். உதவி பெறலாம், இலக்கத்தை ஒப்படைத்தல் ஆகாது. மாதந்தோறும் ஒரே திகதியிற் பட்டியலைத் தீர்க்குமாறு வங்கிக்கு நிலையியற் கட்டளை கொடுத்து வைப்பது அத்தகையோருக்கு நல்ல வழி. அதுவும் இயலாதவருக்கு அலுவலக மேசையும் தபாற் கந்தோரும் திறந்திருத்தல் வேண்டும். புதிய பாதை திறந்தமை பழைய பாதையை மூடுவதற்குக் காரணமாகாது.

பொறி எத்துணை விரைவாயினும் கடன் தீர்ந்தது எப்போது என்னும் கேள்வி மாறுவதில்லை. தம் கணக்கிலிருந்து பணம் கழிந்தபோதன்று, பெறவேண்டியவரின் ஏட்டில் அது வரவானபோதே பட்டியல் தீர்ந்ததாகும். அடுத்த மாதப் பட்டியல் வரும்போது அதில் முந்திய கொடுப்பனவு குறிக்கப்பட்டுள்ளதா எனப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். அது வரையில் தொடர்பிலக்கத்தை அழிக்காது வைத்திருத்தல் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தலைவியும் கைக்கொள்ளத்தக்க வழக்கமாகும்.