அசையாப் பொருளின் அரசியல்: ஒரு கும்பா பழைய சோறு

சாப்பாட்டைப் படமெடுப்பது பற்றிப் பேச்செடுத்தால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். விளம்பரக்காரன் வேலை அது, நமக்கெதற்கு என்கிறார்கள். அப்படி ஒதுக்கிவிட முடியாது என்றே நினைக்கிறேன். எந்தச் சோறு எந்த வெளிச்சத்தில் காட்டப்படுகிறது என்பது ஒரு சொல்லாடல்.

ரோலான் பார்த் 1964இல் எழுதிய கட்டுரையொன்றில் பன்ஸானி கம்பெனியின் விளம்பரத்தைப் பிரித்துப் பார்த்தார். வலைப்பையிலிருந்து சரியும் தக்காளி, வெங்காயம், குடைமிளகாய். சந்தையிலிருந்து இப்போதுதான் வந்த புதுசு என்பது ஒரு குறி. 'இத்தாலியத்தன்மை' இன்னொரு குறி. அந்த அடுக்குமுறையே அசையாப்பொருள் ஓவிய மரபை ஞாபகப்படுத்துவது மற்றொன்று. அந்த மரபு 17ஆம் நூற்றாண்டு டச்சு வணிகர் வீடுகளில் தழைத்தது. எலுமிச்சை, மிளகு, சீனப் பீங்கான் எல்லாம் மேசையில் இருக்கும். அவற்றைச் சுமந்த கை இருக்காது. 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்ததும் அதே டச்சுக்காரர்கள்தான்.

இந்த மரபைக் கையில் வைத்துக்கொண்டு பண்பொழியில் ஒரு கும்பா பழைய சோற்றைப் படமெடுக்க உட்கார்ந்தேன். ஆடி மாதம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் சாரல் மேகம் வானத்தை ஒரு பெரிய வெள்ளைத் துணியாக்கியிருந்தது. வெளிச்சம் மெத்தென்று இறங்க இதைவிட நல்ல காலமில்லை. வெயில் அடித்தால் ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொள்ளலாம்.

முதலில் டியூப்லைட்டை அணைக்க வேண்டும். பகல் வெளிச்சத்தோடு அது கலந்தால் சோற்றில் பச்சை படியும். கேமராவின் ஃப்ளாஷ் கூடவே கூடாது. நேர் முன்னாலிருந்து விழும் ஒளி நிழலைத் தின்றுவிடும்; பருக்கையும் நீராகாரமும் ஒரே வெள்ளையாகத் தட்டையாகும். ஜன்னல் பக்கவாட்டில், சற்றுப் பின்னால் இருக்கட்டும். அப்போது தண்ணீர் விளிம்பு மினுங்கும், ஒவ்வொரு பருக்கைக்கும் ஒரு சின்ன நிழல் கிடைக்கும். எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டையொன்றை நிறுத்தினால் இருட்டு கொஞ்சம் தணியும். நான் அட்டையை எடுத்துவிட்டேன். அலுமினியக் கும்பாவின் நெளிவும் கீறலும் அந்த இருட்டில்தான் தெரிந்தன.

சின்ன வெங்காயத்தையும் மோர் மிளகாயையும் நடுவில் வைக்காமல் ஓரத்துக்குத் தள்ளினேன். கடித்த வெங்காயம் ஒன்று இருக்கட்டும் என்று விட்டேன். சாப்பிடும் ஆள் ஒருவர் உண்டு என்பதற்கு அதுதான் சாட்சி.

சிக்கல் மீட்டரில் வந்தது. பார்க்கும் எதையும் அது 18 சதவீதச் சாம்பலாகவே கணக்கிடும். வெள்ளைச் சோற்றை நெருங்கி அளந்தால் சோறு அழுக்காகும். கறுத்த திண்ணையை அளந்தால் சோறு வெளுத்து எரிந்துபோகும். எதைச் 'சராசரி' என்று கொள்வது என்பதை யந்திரத்திடம் விடக்கூடாது, நாமே தீர்மானிக்க வேண்டும். கோடாக் கலர் பிலிமின் கதையும் இதுவே. வெள்ளைத் தோலை அளவுகோலாக வைத்துத்தான் வண்ணம் சரிபார்க்கப்பட்டது. கறுத்த முகங்கள் படத்தில் அழிந்துபோனதற்காக அது மாறவில்லை. சாக்லேட், மரச்சாமான் கம்பெனிகள் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று முறையிட்ட பிறகே திருத்த முனைந்தார்கள்.

விளம்பரச் சாப்பாடோ தின்பதற்கில்லை. காம்ப்பெல் சூப் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுக் காய்கறியை மேலே தூக்கிக் காட்டியது. 1970இல் அமெரிக்க வணிக ஆணையம் அதைத் தடுத்தது. பொய் கோலியில் மட்டும் இல்லை. பசியை ரசனையாக மாற்றுவதிலும் இருக்கிறது. என் கும்பாவும் அழகாக விழுந்துவிட்டால், வறுமை ஒரு சுவரொட்டியாகிவிடுமே என்ற பயம் எனக்கிருந்தது. இப்போதும் இருக்கிறது.

முக்காலியில் கேமராவை ஏற்றி, எப்/8 வைத்து, முன் பருக்கைகளில் குவியம் சரிசெய்துகொண்டிருந்தேன். ஆச்சி வந்து நின்றாள்.

"ஏலே, சோத்த எவ்வளவு நேரம்தாம்ல பாத்துக்கிட்டிருப்ப? வயக்காட்டுக்குப் போறவ நிக்கேன்லா."

அது அவளுடைய கும்பா. கடித்த வெங்காயமும் அவளுடையதுதான். என் சட்டகத்துக்கு வெளியே நின்ற கை அது. கேமராவை நகர்த்திக் கொஞ்சம் பின்னால் போனேன். அவள் உட்கார்ந்து கையை விட்டுப் பிசைந்தாள். மெதுவான ஷட்டரில் கை கலங்கி விழுந்தது. கும்பா மட்டும் துல்லியமாக நின்றது. அசையாப்பொருள் இலக்கணப்படி அது பிழையான படம். நான் வைத்துக்கொண்டது அதைத்தான்.